வீட்டு மிளகாய்: அறைக்குள் ஏன் நெடுக்கிறது, மாடியில் ஏன் பூக்கொட்டுகிறது

கேள்வி சுருக்கமாக இது: யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மாடி வீடு. சந்தையில் வாங்கிய ஒன்பது மிளகாய்க் கன்றுகளில் மூன்று அறை யன்னலடியில், ஆறு மொட்டை மாடியில். அறைக்குள் நிற்பவை நெட்டையாக வளர்ந்து ஒரு பூவும் வரவில்லை. மாடியில் நிற்பவை பூத்துப் பூத்துக் கொட்டுகின்றன. இரண்டு கன்றுகளில் குருத்திலை சுருண்டு விட்டது. சாம்பல் போட்டாயிற்று, முட்டைக்கோது போட்டாயிற்று, யூரியாவும் போட்டாயிற்று. இப்போது சித்திரை. இனி என்ன செய்வது?

முதல் வேலையாக யூரியாவையும் சாம்பலையும் நிறுத்துங்கள். காரணம் கீழே வருகிறது. இரண்டாவது, உள்ளே நிற்கும் மூன்றையும் வெளியே கொண்டுபோக வழி பாருங்கள். ஆனால் இன்றைக்கே தூக்கி வெய்யிலில் வைத்துவிடாதீர்கள். ஒரே பகலில் இலை வெளிறிக் கருகிவிடும். முதல் இரண்டு நாள் காலை ஒரு மணித்தியாலம், பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் கூட்டி, ஏழெட்டு நாளில் முழு வெய்யிலுக்குப் பழக்க வேண்டும்.

மிளகாய் வெய்யிலுக்குப் பிறந்த பயிர். நேரடி வெய்யில் நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது வேண்டும். நாலு மணித்தியாலம் கிடைத்தால் கன்று உயிரோடு நிற்கும், ஏதோ கொஞ்சம் காய்க்கும். அதற்குக் கீழே இலைதான். யன்னலடியில் எங்கள் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிவது கன்றுக்கு இருட்டு. யன்னலிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடும். கம்பியும் திரைச்சீலையும் வெளியே இறங்கி நிற்கும் தாழ்வாரமும் மிச்சத்தை மறைக்கும். கன்று வெளிச்சத்தைத் தேடி நெடுக்கிறது, கணுவுக்குக் கணு தூரம் கூடுகிறது, தண்டு மெலிகிறது. இதற்குப் பசளை மருந்தல்ல. பசளை போடப்போட இன்னும் நெடுக்கும்.

எந்த யன்னல் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணம் வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. அதனால் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் எங்களுக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்கு யன்னல் மாரிக்கும் தைக்கும் நல்லது, வைகாசி ஆனியில் அதற்குள் வெய்யிலே விழாது. ஆண்டு முழுவதும் நம்பக்கூடியது கிழக்கு யன்னல். மேற்கு யன்னலும் வெய்யில் தரும், ஆனால் பின்னேர வெக்கையில் சாடி காய்ந்துவிடும். கிழக்கு விறாந்தை ஒன்று இருந்தால் அது அறையை விட எவ்வளவோ மேல்.

அறைக்குள் மிளகாய் வளர்ப்பதே பிழை என்று சொல்லவில்லை. நாற்றுக்கு அறை மிக நல்ல இடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே முளைக்கப் போட்ட விதை அழுகும், சிறு நாற்று சேற்றில் சாயும். அந்த நேரத்தில் குசினி அலுமாரியின் மேல் ஒரு தட்டும் ஒரு எல்.ஈ.டி விளக்கும் போதும். விலை கூடிய ஊதா நிற விளக்குத் தேவையில்லை. பகல் வெளிச்ச நிறம் என்று பெட்டியில் 6500 கே போட்டிருக்கும் சாதாரண வெள்ளை விளக்கு 20 அல்லது 30 வாற்று, நாற்றின் தலைக்கு மேலே 20 சென்ரிமீற்றரில், நாளுக்கு 14 மணித்தியாலம். 30 வாற்று விளக்கு அவ்வளவு நேரம் எரிந்தாலும் அரை யூனிற்றுக்குக் குறைவு. நாற்று வளர வளர விளக்கை உயர்த்துங்கள். பத்துப் பன்னிரண்டு நாற்றை இப்படி வளர்த்து எடுக்கலாம். ஆனால் அதே விளக்கில் காய்க்கவும் வைக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு கன்றைக் காய்க்க வைக்கிற வெளிச்சத்துக்கு மின்கட்டணம் காயின் விலையைத் தாண்டும். வெளியே இவ்வளவு வெய்யில் சும்மா கொட்டுகிற ஊரில் அது வீண்.

கட்டாயம் வீட்டுக்குள்தான் என்றால், பெரிய மிளகாயை விட்டுவிட்டுக் கொச்சி வையுங்கள். சின்னக் காய், சின்ன இலை, 5 அல்லது 6 லீற்றர்ச் சாடி போதும், காலை வெய்யில் மூன்று நாலு மணித்தியாலம் கிடைத்தாலும் ஓரளவு காய்க்கும். சாடியை மூன்று நாளுக்கு ஒருமுறை அரைவட்டம் திருப்புங்கள். காற்றும் பூச்சியும் வராத இடத்தில் பூப் பிடிக்கவும் ஒரு கை உதவி வேண்டும்: மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், ஆனால் அசைவு வேண்டும். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் கிளையை விரலால் மெதுவாகத் தட்டிவிட்டால் சரி.

இனி மாடி. கொங்கிறீற்றுத் தளம் பகலெல்லாம் சூடு குடித்து இரவில் கக்கும். கறுப்புப் பொலித்தீன் பையை அதன் மேல் நேரே வைத்தால் வேர் அவியும். சாடிகளை இரண்டு செங்கல் அல்லது ஒரு பனஞ்சலாகை உயரத்துக்குத் தூக்கி, அடியில் காற்று ஓட விடுங்கள். கறுப்புப் பையென்றால் வெளியே சாக்கைச் சுற்றிக் கட்டலாம், அல்லது சுண்ணாம்பு பூசி வெள்ளையாக்கலாம்.

சாடியின் அளவு 12 லீற்றருக்குக் குறையக் கூடாது; 15 இருந்தால் நல்லது. பழைய பெயின்ற் வாளியைக் கழுவிப் பாவிக்கலாம். அடியில் சுண்டுவிரல் தடிப்பில் ஐந்தாறு ஓட்டை. ஓட்டைக்கு மேல் கல் அடுக்கும் பழக்கத்தை விடுங்கள். கல்லடுக்கு தண்ணீரை வடிய வைக்காது. மண்ணும் கல்லும் சந்திக்கும் இடத்தில் ஈரம் தேங்கி நிற்கும், வேருக்கு உள்ள இடமும் குறையும். எங்கள் ஊரில் கல் என்றால் சுண்ணக்கல். அது வேறு தீமை. ஓட்டையை மறைக்க ஒரு துண்டு நுளம்பு வலை போதும்.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு (தேங்காய்த் தும்பின் தூள்) ஒரு பங்கு. உமிக்கரி கிடைத்தால் தும்புச்சோற்றில் பாதிக்குப் பதிலாகச் சேருங்கள். எங்கள் வலிகாமப் பகுதிச் செம்மண் தோட்டத்தில் அருமையான மண், ஆனால் சாடிக்குள் தனியே போட்டால் தண்ணீர் விட விட இறுகும். ஒரு மாதத்தில் செங்கட்டி போலாகிச் சாடியின் ஓரத்தால் தண்ணீர் ஓடிவிடும். தும்புச்சோற்றை மூன்று தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். ஆட்டெரு என்றால் மூன்று மாதம் குவித்து உக்க வைத்தது. பச்சை எரு வேரைச் சுடும். நடும்போது ஒரு சாடிக்கு வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி, 50 கிராம் அளவு.

தண்ணீரில்தான் யாழ்ப்பாணம் மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. வேறு நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளை அப்படியே இங்கே செய்து பலர் ஏமாறுவதும் இதில்தான்.

எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சாடியிலும் படிகிறது. தோட்டத்தில் மாரி மழை ஆண்டுக்கு ஒருமுறை கழுவிவிடும். விறாந்தையிலும் அறையிலும் நிற்கும் சாடியைக் கழுவ ஆளில்லை. மண் கொஞ்சம் கொஞ்சமாகக் காரமாகும் (உறைப்பல்ல, புளிப்புக்கு எதிரான குணம்). காரம் கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான். அடியிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் அது தழைச்சத்து (நைதரசன்) குறைவு. இந்த இரண்டையும் மாற்றி எண்ணி யூரியா போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

சாம்பல் ஏன் வேண்டாம் என்பதும் இதில் அடங்கும். சாம்பலில் பொற்றாசியம் உண்டு, உண்மை. ஆனால் அது காரம். புளிப்பு மண் உள்ள மலைநாட்டில் அது மருந்து, ஏற்கெனவே சுண்ணாம்பு குடித்த மண்ணுக்கு அது மேலும் ஒரு சுமை. முட்டைக்கோதும் அப்படியே. மிளகாயின் நுனி நீர்க்கோத்தது போலாகிக் கறுத்துச் சுருங்கினால் கல்சியம் குறைவு என்று சொல்லி முட்டைக்கோதை அரைத்துப் போடுகிறார்கள். எங்கள் தண்ணீரில் கல்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விடுவதால், வேர் எடுத்த கல்சியம் காயின் நுனிவரை போய்ச் சேரவில்லை. மருந்து, தண்ணீரை ஒரு சீராக விடுவது.

தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் கலந்து விடுவோரும் உண்டு. ஊற்றிய அன்றைக்குக் காரம் குறையும்தான். ஆனால் அந்தப் புளியை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று முடித்ததும் காரம் திரும்பி வரும். நிலைத்து உதவுவது மழைத்தண்ணீர். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கூரைத் தண்ணீரை இரண்டு பீப்பாயில் பிடித்து, நுளம்பு புகாமல் மூடி வையுங்கள். ஒவ்வொரு நாளும் அதைப் பாவிக்கத் தேவையில்லை. மாதம் ஒருமுறை ஒரு சாடிக்கு 20 முதல் 25 லீற்றர் மழைத்தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி அடியால் ஓடவிட்டால், சேர்ந்த உப்பில் பெரும்பகுதி கழுவுண்டு போகும். குருத்து மஞ்சள் தொடர்ந்தால் பசளைக் கடையில் இரும்புக் கலவை கேளுங்கள். பொதியில் ஈ.டி.டி.எச்.ஏ என்று இருக்க வேண்டும். ஈ.டி.ரி.ஏ என்று இருப்பது காரமண்ணில் நிற்காது. ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் கரைத்துச் சாடிக்கு ஒரு லீற்றர், மாதம் ஒருமுறை.

குருநகர், நாவாந்துறை, தீவுப்பக்கம் போலக் கடலுக்குக் கிட்ட இருப்போருக்குச் சுண்ணாம்பை விட உவர்தான் தொல்லை. மிளகாய் உப்பை அதிகம் தாங்காத பயிர். இலையின் ஓரமும் நுனியும் தீய்ந்தது போலக் காய்ந்தால், சாடி விளிம்பில் வெள்ளை பூத்தால், அந்தக் கிணற்றை நம்ப வேண்டாம். கோடை முற்றிய ஆடி, ஆவணியில் கிணறு இன்னும் உவர்க்கும். அப்போது குடிக்க எடுக்கும் நல்ல தண்ணீரில் ஒரு பங்கை மிளகாய்க்கும் கொடுக்க வேண்டி வரும், அல்லது சாடிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வரும்.

அடுத்தது யூரியா. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, அதாவது நைதரசன் உள்ள உப்பு, கூடுதலாக இருப்பது பல ஆண்டாக அளந்து அறியப்பட்ட விடயம். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் சுண்ணக்கல் வெடிப்பால் கீழே இறங்குகின்றன. குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லையில் நிற்கும் தண்ணீரை ஒரு சாடிக்கு நாளுக்கு ஒரு லீற்றர் வீதம் நூறு நாள் விட்டால், அதிலேயே ஏறத்தாழ 1.1 கிராம் நைதரசன் சேர்ந்துவிடும். அது கிட்டத்தட்ட இரண்டரைக் கிராம் யூரியாவுக்குச் சமன். கூட்டெரு கொடுப்பது வேறு. அதற்கு மேல் கைப்பிடியாக யூரியா போட்டால் கன்று கருகருவென்று தழைக்கும், பூ பிந்தும், வந்த பூவும் கொட்டும், மென்மையான குருத்துக்குச் சாறுண்ணிப் பூச்சி எல்லாம் வந்து சேரும். உங்கள் ஆறு கன்றுக்கும் இப்போது நடப்பதில் ஒரு பங்கு இதுதான்.

பசளையைக் குறைவாகவும் அடிக்கடியும் கொடுங்கள். நட்டு மூன்று கிழமைக்குப் பிறகு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை சாடிக்கு இரண்டு கைப்பிடி கூட்டெரு மேல்மண்ணைக் கிளறிப் போட்டுத் தண்ணீர் விடுதல். பூக்கத் தொடங்கும்வரை இலை வெளிறினால் மட்டும் யூரியா ஒரு லீற்றருக்கு இரண்டு கிராம், அதாவது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி, கரைத்து ஒருமுறை. பூத்த பிறகு பொற்றாசியம் வேண்டும், எம்.ஓ.பி என்ற பொற்றாசியப் பசளை சாடிக்கு இரண்டு கிராம், மாதம் இருமுறை. உவர்த் தண்ணீர்க்காரர் எம்.ஓ.பி போட வேண்டாம், அதில் குளோரைட்டு இருக்கிறது. அவர்கள் சல்பேற்று வகைப் பொற்றாசியம் தேடுவது நல்லது.

எவ்வளவு தண்ணீர்? சித்திரை வைகாசியில் 12 லீற்றர்ச் சாடியில் நிற்கும் வளர்ந்த கன்றுக்குக் காலை ஒரு லீற்றர் முதல் ஒன்றரை, பின்னேரம் தேவைப்பட்டால் அரை. கணக்கை விட விரல் நம்பகமானது: இரண்டு கணு ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட வேண்டாம். நடுப்பகலில் இலை தொங்கி, பொழுது படும்போது நிமிர்ந்தால் அது வெய்யிலுக்கு ஒடுங்குவது. பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். விடியற்காலையிலும் தொங்கி நின்றால்தான் ஆபத்து. அப்போது மண் காய்ந்திருந்தால் தண்ணீர். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகுகிறது. தண்ணீரை நிறுத்தி, சாடியைச் சரித்து ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் அடி கறுத்திருந்தால் அந்தக் கன்று தப்பாது, மண்ணோடு அகற்றிவிடுங்கள்.

மேல்மண்ணை வெறுமையாக விடக் கூடாது. வைக்கோல், காய்ந்த இலை, கிழிந்த கிடுகு எதுவானாலும் இரண்டு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல்.

பூக்கொட்டுவதில் மிச்சப் பங்கு காலத்தினுடையது. பகல் 32 பாகையைத் தாண்டி, இரவும் 25 பாகைக்குக் கீழ் இறங்காவிட்டால் மிளகாயின் மகரந்தம் கெடும். பூ காம்போடு கழன்று விழும். சித்திரை, வைகாசி யாழ்ப்பாண இரவு அப்படிப்பட்டது. இதற்கு ஊக்கி மருந்து அடித்துப் பயனில்லை. முற்பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை மேலே மெல்லிய நிழல் போடுங்கள்: 30 வீத நிழல்வலை, அல்லது ஒரு சட்டத்தில் இடைவெளி விட்டுக் கட்டிய கிடுகு. 50 வீத வலை வாங்கினால் மாடியும் யன்னலடி மாதிரி ஆகிவிடும். சோளகம் தொடங்கியதும் வேறொரு துன்பம் வரும். அந்தக் காற்று மொட்டை மாடியில் சாடியை மணிக்கணக்கில் உலர்த்தும், காய்த்த கிளையை முறிக்கும். தென்மேற்குப் பக்கம் இடுப்பளவுக்குப் பனையோலைத் தட்டி ஒன்று கட்டுங்கள். முழுவதும் அடைக்காமல், காற்று வடிந்து போகிற மாதிரி. ஒவ்வொரு கன்றுக்கும் கிளுவைத் தடியோ பூவரசந் தடியோ ஊன்றித் தளரக் கட்டுங்கள். பச்சைத் தடி வேர்பிடிக்கும், காய்ந்ததாக எடுங்கள்.

இனிச் சுருண்ட குருத்து. “இலைச்சுருளல்” என்று ஒரே பெயரால் சொன்னாலும் அது ஒரு நோயல்ல. எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்க்காமல் மருந்து வாங்கினால் காசு போகும், கன்றும் போகும்.

இலையின் ஓரம் மேல்நோக்கி மடிந்து வள்ளம் போல நின்றால் பனிப்பூச்சி. ஒரு வெள்ளைத் தாளைக் குருத்துக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் மஞ்சள் நூல் துண்டு போல ஓடும். இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியது போலவோ கபிலத் தழும்பாகவோ இருக்கும். வறண்ட காலத்தில் பெருகும். மழை பெய்தால் குறையும்.

ஓரம் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த வள்ளம் போல, இலை ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டு, தொட்டால் விறைப்பாக இருந்தால் சிற்றுண்ணி. இது கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒன்றுதான். காயில் பழுப்பாகச் சொரசொரவென்று தடித்த தோல் வரும். பப்பாசியிலும் இது வாழும், வெண்ணிறப் பறக்கும் ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிக்குச் செடி போகும்.

இலை சிறுத்து, நரம்பு தடித்து, மஞ்சள் படர்ந்து, கணுக்கள் நெருங்கிக் கன்றே குட்டைப் பற்றையாக நின்றால் வைரசு. அதைப் பரப்புவது அந்த வெள்ளை ஈ. இதற்கு மருந்து கிடையாது. காய் ஒன்றிரண்டு நிற்கிறதே என்று பார்த்திருக்க வேண்டாம். பின்னேரம், ஈ அசையாத நேரத்தில், பையால் மூடி வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.

நாலாவதும் ஒன்று உண்டு: இலை பிசுபிசுத்து எறும்பு ஓடினால் அழுக்கணவன். இதுதான் எல்லாவற்றிலும் இலகு. தண்ணீரை விசையாக அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும். மதியம் மட்டும் சுருண்டு மாலையில் விரிகிற இலைக்கு நோயே இல்லை.

செய்ய வேண்டியது இது. சிற்றுண்ணியும் பனிப்பூச்சியும் மென்குருத்தில் இருப்பதால், சுருண்ட நுனியை ஐந்தாறு சென்ரிமீற்றர் வெட்டி ஒரு பைக்குள் போட்டுக் கட்டி எறியுங்கள். சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகத் தூள் லீற்றருக்கு இரண்டு கிராம், பொழுது சாயும்போது, இலையின் அடிப்புறம் நனைய, ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை. கடும் வெய்யிலில் கந்தகம் இலையைச் சுடும்; எண்ணெய் கலந்த மருந்து அடித்தால் இரண்டு கிழமை கழியும்வரை கந்தகம் கூடாது. பனிப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் வேப்பங்கொட்டைச் சாறு: தோல் நீக்கி உலர்த்திய பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடித்து, சவர்க்காரம் இரண்டு கிராம் கரைத்து உடனே அடியுங்கள். மறுநாளைக்கு வைத்தால் வீரியம் போய்விடும். இது பூச்சியை உடனே கொல்லாது. தின்னவும் பெருகவும் விடாது. ஆகவே கிழமைக்கு ஒருமுறை விடாமல் அடிக்க வேண்டும்.

கடையில் தரும் கடும் பூச்சிகொல்லிகளை வீட்டுச் சாடிக்கு வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அவற்றுக்கு அடித்த நாளிலிருந்து இத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்ற கணக்கு உண்டு. வீட்டு மிளகாயைச் சம்பலுக்கு இரண்டு, சொதிக்கு மூன்று என்று ஒவ்வொரு நாளும் பறிக்கிறோம். அந்தக் கணக்கைக் காப்பாற்ற முடியாது. அதோடு சிலந்தியும் பொறிவண்டும் செத்தால் அடுத்த முறை சிற்றுண்ணி முன்னையிலும் கூடுதலாக வரும்.

அறையின் யன்னலடிக்கு இன்னொரு பயன் இங்கே இருக்கிறது. புதிதாக வாங்கிய எந்தக் கன்றையும் மாடிக்குக் கொண்டுபோகாமல் பத்து நாள் அங்கே தனியே வைத்துக் குருத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் சுருளல் வீட்டுக்குள் வருவது வாங்கிய நாற்றோடுதான்.

விதையிலிருந்து தொடங்குவதே இதற்கெல்லாம் நல்ல வழி. கார்த்திகை பிற்பகுதியில் விதைத்தால் தையில் நடலாம். அடைமழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்றில் இரவு குளிர்ந்திருக்கும், சித்திரை வெக்கை வருவதற்கு முன் முதற் பூக்கள் காயாகிவிடும். எங்கள் தோட்டக்காரர் மாரி கழிய நட்டுக் கோடையில் கிணற்றால் இறைத்துப் பறிப்பதும் இந்தக் கணக்கில்தான். 1970களில் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது செத்தல் மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்தை நிமிர்த்திய காலத்திலும் அதே கணக்குத்தான்.

விதையை ஓர் இரவு ஊறவைத்து, அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். மண்ணில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்ட பின் விதைத்தால் நாற்றழுகல் குறையும். ஆறு முதல் பத்து நாளில் முளைக்கும். விதைத் தட்டைப் பொலித்தீனால் மூடியிருந்தால், முளைத்ததும் அதை எடுத்துவிட வேண்டும். காற்றில்லாமல் ஈரமாகவே நின்றால் தண்டு நிலமட்டத்தில் நூல் போலாகிச் சாயும். சாய்ந்ததை நிமிர்த்த முடியாது. நாலு முதல் ஆறு இலை வந்து ஒரு சாண் உயரம் ஆகும் முன், நாலைந்து கிழமையில் நடலாம். சாடிக்கு ஒன்று, நிலத்தில் என்றால் இரண்டு அடிக்கு ஒன்றரை அடி. தண்டு முதலில் கிளை பிரியும் கவருக்குக் கீழே வரும் பக்கக் குருத்துகளையும் முதல் நாலைந்து பூவையும் கிள்ளிவிட்டால் கன்று விரிந்து பலமாக நிற்கும்.

இனம்: விவசாயத் திணைக்களத்தின் கே.ஏ.2, எம்.ஐ.2 இரண்டும் பச்சைக்கும் செத்தலுக்கும் ஆகும். பச்சை மிளகாய் மட்டும் வேண்டுமென்றால் எம்.ஐ.கிறீன். கறிமிளகாய்க்குத் தண்ணீர் கூட வேண்டும், சித்திரை வெக்கையை அது தாங்காது. கொச்சி பல ஆண்டு நிற்கும். மாரிக்கு முன் அரைவாசி உயரத்துக்கு வெட்டிவிட்டால் தையில் புதிதாகத் துளிர்க்கும்.

உங்கள் ஒன்பது கன்றுக்கும் இப்போதைக்கு: யூரியா, சாம்பல், முட்டைக்கோது நிறுத்தம். ஒவ்வொரு சாடியையும் ஒருமுறை நன்றாகக் கழுவ விடுதல். மாடிக் கன்றுக்கு நடுப்பகல் நிழல். சுருண்ட இரண்டையும் மற்றவற்றிலிருந்து விலக்கி, எந்தப் பக்கச் சுருள் என்று பார்த்து மேலே சொன்னபடி. அறைக்குள் நெடுத்த மூன்றையும் வெய்யிலுக்குப் பழக்கிய பிறகு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். பக்கக் கிளை வரும், ஆறேழு கிழமையில் பூக்கும்.

காய் பிடித்தால், பூத்து மூன்று நாலு கிழமையில் பச்சையாகப் பறிக்கலாம், காம்போடு. முறித்து இழுத்தால் கிளை கிழியும், கத்தரியால் வெட்டுங்கள். அடிக்கடி பறித்தால்தான் அடுத்த பூ வரும். செத்தலுக்கு விடுவதென்றால் முழுச் சிவப்பானதும் பறித்து, ஒருநாள் நிழலில் குவித்து வைத்து, பிறகு பாயில் பரப்பி ஐந்து முதல் ஏழு நாள் வெய்யில். பொழுது படமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும், இரவுப் பனியில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தமிட வேண்டும். நாலு கிலோ பழம் ஏறத்தாழ ஒரு கிலோ செத்தலாகும். விதைக்கு எடுக்கும் காயை மட்டும் நோயில்லாத கன்றில் இரண்டாம் மூன்றாம் பறிக்கு வரவிருப்பதாகத் தெரிவுசெய்து, பூவாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுங்கள். பக்கத்தில் வேறு மிளகாய் நின்றால் தேனீயால் கலந்துவிடும்.